அசைவின் பங்கீடு

மனித உடல் ஒரு நாளில் செய்யும் அசைவுகளைப் பொதுச் சுகாதார ஆய்வுகள் நான்கு இனங்களாகப் பிரிக்கின்றன: பிழைப்புக்காகச் செய்யும் வேலை, வீட்டு வேலை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்வருதல், ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்வது. உடற்பயிற்சி என்று வழக்கத்தில் சொல்லப்படுவது நான்காவது இனத்தின் ஒரு பகுதிதான். மற்ற மூன்றும் பயிற்சி என்ற பெயர் இல்லாமலே தசைகளையும் இதயத்தையும் வேலை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்தியாவில் பெரும்பாலோருக்கு நான்காவது இனம் ஏறக்குறைய காலி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த இண்டியாப் ஆய்வு, தன் முதற்கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களை எடுத்துக்கொண்டது. 2014இல் வெளியான அதன் முடிவின்படி 54.4 விழுக்காட்டினர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டோ நடையோ ஏதேனும் ஒன்றைச் செய்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு உடலசைவு என்பது வேலையும் வீடும் பயணமும் தந்ததுதான். இந்த மூன்றும் சுருங்கினால் ஈடுகட்ட வேறொன்றும் அவர்களிடம் இல்லை. சுருங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த உலகளாவிய மதிப்பீடு, போதிய அசைவில்லாத இந்தியர்களின் பங்கு 2000இல் 22 விழுக்காடாக இருந்து 2022இல் 49 விழுக்காட்டைத் தாண்டியதாகச் சொல்கிறது. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு.

இந்தச் சராசரிகள் ஒன்றை மறைத்துவிடுகின்றன. உடலுழைப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் குறையவில்லை. சிலரிடம் அது மிஞ்சிக் கிடக்கிறது, சிலரிடம் இல்லாமலே போய்விட்டது. நாளுக்குள் அசைவைக் கூட்டுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் தனிமனித ஊக்கம், வைராக்கியம், அதிகாலை எழும் பழக்கம் என்றே போகிறது. அதைவிட அது பங்கீடு பற்றிய பேச்சாக இருப்பதே பொருத்தம். அந்தப் பங்கீட்டை ஒரு சிற்றூரில் வைத்துப் பார்ப்பது எளிது. கர்நாடகத்தின் குண்டலுபேட்டை அப்படியொரு ஊர்.

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது குண்டலுபேட்டை. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த இந்தத் தாலுகாத் தலைநகரில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் பிரிகின்றன. 766ஆம் எண் சாலை முத்தங்கா காட்டைக் கடந்து சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போகிறது. 181ஆம் எண் சாலை பந்திப்பூர், முதுமலை, கூடலூர், உதகை வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்குகிறது. இரண்டுமே ஊரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குள் நுழைகின்றன. 2009 முதல் அந்தக் காட்டுச் சாலைகள் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை அவசர ஊர்திகளும் குறிப்பிட்ட சில பேருந்துகளும் நீங்கலாக மூடப்படுகின்றன. ஊரைச் சுற்றிலும் மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாக வேளாண் நிலங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூக்கின்றன. செண்டுமல்லியில் ஒரு பங்கு நிறமிச் சாறு எடுக்கும் ஆலைகளுக்கும், ஒரு பங்கு ஓணத்தையொட்டிக் கேரளத்துக்கும் போகிறது. அருகிலுள்ள தெரக்கணாம்பி சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் மலையிறங்குகின்றன.

இந்த ஊரின் ஒரு நாளில் நான்கைந்து வகை உடல்கள் ஒன்றையொன்று கடந்து போகின்றன. செண்டுமல்லி வயலில் பூப்பறிக்கும் பெண் காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து, நிறைந்த மூட்டையைத் தலையில் தூக்கி வரப்பில் நடக்கிறாள். சந்தையில் சுமை தூக்குபவர் தக்காளிப் பெட்டிகளை லாரியில் அடுக்குகிறார். கடைவீதியில் கல்லாவில் அமர்ந்தவர் காலை திறந்தது முதல் இரவு மூடும்வரை எழுந்திருப்பது சாப்பாட்டுக்கு மட்டும். அரசு அலுவலகத்து எழுத்தர் மைசூரிலிருந்து பேருந்தில் அமர்ந்து வந்து, மேசையில் அமர்ந்து, மீண்டும் பேருந்தில் அமர்ந்து திரும்புகிறார். பெங்களூரிலிருந்து உதகைக்கு வண்டி ஓட்டுபவர் ஊரை எட்டும்போதே நாலைந்து மணி நேரம் இருக்கையில் கழித்திருக்கிறார். மொத்தமாகக் கூட்டினால் ஊரில் அசைவுக்குக் குறைவில்லை என்றே தோன்றும். ஆள் ஆளாகப் பார்த்தால் ஒரு தெருவில் மிகுதி, அடுத்த தெருவில் பஞ்சம்.

பஞ்சம் வந்த வழி நன்றாகத் தெரிந்ததே. வயலில் ஏருக்குப் பதில் டிராக்டர் வந்தது. கவலை இறைத்த கிணற்றில் மின்மோட்டார் ஓடுகிறது. சமையலறையில் ஆட்டுக்கல்லையும் அம்மியையும் கிரைண்டரும் மிக்சியும் ஓரங்கட்டின. மாவரைக்கும் கிரைண்டரை 1955இல் உருவாக்கியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி. 2011க்குப் பின் தமிழ்நாட்டு அரசே மிக்சியும் கிரைண்டரும் வீட்டுக்கு வீடு கொடுத்தது. தெருமுனைக் கடைக்குப் போகவும் இருசக்கர வண்டி, பள்ளிக்குப் போக வேன், அடுத்த கிராமத்துக்குப் போக ஷேர் ஆட்டோ. இந்த மாற்றங்கள் எதையும் இழப்பென்று புலம்புவதில் நியாயமில்லை. உலக்கை பிடித்த கைகளும் குடம் சுமந்த இடுப்பும் பெரும்பாலும் பெண்களுடையவை. அந்த வேலை போனது அவர்களுக்கு விடுதலை. கவனிக்க வேண்டியது வேறொன்று. கருவிகள் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் ஏறக்குறைய முழுவதும் நாற்காலிக்கும் திரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. உடலுக்கு அதில் பங்கு ஒதுக்கப்படவில்லை.

உட்கார்ந்திருப்பதும் நடமாடுவதும் உடல்நலத்தில் என்ன வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு முதல் பெரிய சான்று பேருந்திலிருந்தே கிடைத்தது. லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே நிறுவனம், ஒரே வர்க்கம், ஒரே நேர வேலை. ஓட்டுநர் வேலை நேரம் முழுக்க இருக்கையில். நடத்துநரோ நாளொன்றுக்கு அறுநூறு படிகள் அளவில் மேலும் கீழுமாக ஏறி இறங்குபவர். ஜெர்ரி மோரிஸ் தலைமையிலான குழு ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1953இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டது. நடத்துநர்களிடம் இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது. நோய் வந்தவர்களிடமும் அது பிற்பட்ட வயதில், கடுமை குறைந்ததாக வந்தது. அஞ்சல் துறையில் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்களையும் அமர்ந்து வேலை பார்க்கும் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அதே திசையில் முடிவு கிடைத்தது. மோரிஸ் அத்தோடு நிறுத்தவில்லை. 1956இல் சீருடைகளின் இடுப்பளவுகளைச் சோதித்து, ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்ததைக் கண்டறிந்து தாமே வெளியிட்டார். நோய் வேறுபாடு முழுவதற்கும் படிக்கட்டே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது அதன் பொருள். அதன்பின் பல நாடுகளில் நடந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அந்தக் கவனத்தோடு கணக்கிட்டும், அசைவுக்கும் இதய நலத்துக்கும் உள்ள உறவு நிலைத்து நின்றது.

தசை சுருங்கும்போது நடப்பதை வைத்து இதன் காரணம் விளங்கும். உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரை தசைக்குள் புக வழக்கமாக இன்சுலின் தேவை. வேலை செய்யும் தசையோ இன்சுலின் துணையின்றியும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரத்தத்தின் கொழுப்பைப் பிரித்துத் தசைக்கு எரிபொருளாக்கும் நொதி, கால் தசைகள் நெடுநேரம் சும்மா இருக்கும்போது மந்தமாகிவிடுகிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் நாளங்களை அழுத்திக் காலிலிருந்து இரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றுகிறது. உட்கார்ந்தே இருந்தால் அந்த இறைப்பு நின்று காலில் வீக்கமும், நீண்ட பயணங்களில் இரத்தக் கட்டியும் வரலாம். இந்த மூன்று வேலைகளுக்கும் வியர்வை சொட்டும் ஓட்டம் அவசியமில்லை. எழுந்து சில நிமிடம் நடந்தாலே தொடங்கிவிடும்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் லெவைனின் குழு 1999இல் வெளியிட்ட சோதனை இந்தச் சிறு அசைவுகளின் மதிப்பை எடைபோட்டது. பதினாறு பேருக்கு எட்டு வாரம் அவர்களின் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாக ஊட்டப்பட்டது. ஒருவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவே கொழுப்பு ஏறியது, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். வேறுபாட்டின் பெரும்பகுதி, பயிற்சி என்று யாரும் கருதாத அசைவுகளில் இருந்தது. நிற்பது, நடமாடுவது, இருக்கையில் நிலை மாற்றி உட்காருவது போன்றவை அவை. கூடுதல் உணவு கிடைத்தபோது தம்மையறியாமலே அதிகம் அசைந்தவர்கள் குறைவாகப் பருத்தார்கள்.

எவ்வளவு அசைவு போதும் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி ஓர் அளவு தருகிறது. வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான அசைவு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் வேலை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றோடு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம். மிதமான அசைவை அளக்கக் கருவி வேண்டாம். அந்த வேகத்தில் ஒருவரால் பேச முடியும், பாட முடியாது. நடையானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு அடி.

அதே வழிகாட்டி செய்த ஒரு திருத்தம் அன்றாட வாழ்க்கைக்கு மிக முக்கியமானது. 2010இல் வந்த பரிந்துரை, தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்த அசைவே கணக்கில் சேரும் என்றது. 2020இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. இரண்டு நிமிடம் ஏறிய படியும் ஐந்து நிமிடம் நடந்த கடைத்தெருவும் இப்போது கணக்கில் வரும். 2022இல் நேச்சர் மெடிசின் இதழில் எம்மானுவேல் ஸ்டமட்டாகிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு மேலும் வலுச் சேர்த்தது. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத 25,000க்கு மேற்பட்டோரின் அசைவு மணிக்கட்டுக் கருவியால் பதிவு செய்யப்பட்டது. அன்றாட வேலையின் நடுவே ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு நாளுக்கு மூன்று முறை நேர்ந்தவர்களிடம் இதயநோயால் இறப்பது ஏறத்தாழ பாதியாக இருந்தது. கவனித்துப் பதிவு செய்த ஆய்வு என்பதால் இது காரணத்தை நிறுவிவிடவில்லை. ஆனாலும் பஸ்ஸைப் பிடிக்க எட்டிப்போட்ட நடையை வீண் என்று இனிச் சொல்வதற்கில்லை.

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு இந்த ஆய்வுகளிலிருந்து வந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று விற்ற அடிமானியின் பெயரோடு அது பிறந்தது. சராசரி வயது 72 ஆக இருந்த அமெரிக்கப் பெண்களை ஐ-மின் லீ குழு ஆராய்ந்து 2019இல் வெளியிட்டபோது, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500ஐ ஒட்டி அந்தப் பயன் சமநிலைக்கு வந்துவிட்டது. முதலில் கூடும் அடிகளே மிக அதிகப் பயன் தருகின்றன. ஆகவே அசைவின் பங்கீட்டில் முதல் உரிமை, மிகக் குறைவாக அசைபவருக்கு.

குண்டலுபேட்டையின் நாளில் அந்த நிமிடங்களை எங்கே வைப்பது? நகரத்து மருத்துவர் சொல்லும் முதல் வேளை அதிகாலை. இங்கே அதில் சிக்கல் உண்டு. காட்டோரக் கிராமங்களில் விடியுமுன்னான வேளை யானைகளுக்குரியது, சிறுத்தையும் புலியும் வருவதுண்டு. 2019இல் இந்தத் தாலுகாவின் காட்டோரத்தில் விவசாயிகளைக் கொன்ற புலியொன்றைப் பிடிக்க வனத்துறை பெரும் தேடுதல் நடத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் இருட்டோடு எழுந்து வாக்கிங் போகச் சொல்வது பொறுப்பான அறிவுரை ஆகாது. மலையேற்றமும் கைக்கெட்டுவதில்லை. தாலுகாவின் புகழ்பெற்ற ஹிமவத் கோபாலசுவாமி மலை 1,454 மீட்டர் உயரம். வனப்பாதுகாப்புக்காகத் தனியார் வண்டிகள் அடிவாரத்தில் நிறுத்தப்பட, பக்தர்கள் அரசுப் பேருந்தில் உட்கார்ந்தே கோயிலுக்கு ஏறுகிறார்கள். ஊருக்குச் சாதகமானதும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சமவெளிக் கோடையின் கொதிப்பு இங்கே குறைவு. விடிந்தபின்னும் மாலையிலும் நடக்கலாம். ஊர் சிறியது. பெரும்பாலான அலுவல்கள் கால்நடைத் தொலைவில் முடிந்துவிடும்.

காலை வேளையில் பால், தினசரி, காய் வாங்கும் நடைகளே முதல் தவணை. ஒரு கிலோமீட்டரை எட்டி நடந்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். வண்டியை எடுத்து, நிறுத்த இடம் பார்த்து, திரும்புவதற்குச் செலவாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இழப்பு சில நிமிடங்களே. ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட வேலைக்கு வண்டியைத் தொடுவதில்லை என்ற ஒரு விதி போதும், வாரத்தின் 150 நிமிடத்தில் பாதி சேர்ந்துவிடும். வாங்கிய பையைக் கையிலேயே கொண்டுவந்தால் தசைக்கான வேலையும் கொஞ்சம் ஆகிவிடும்.

பயணம் இரண்டாவது இடம். பேருந்தில் போகிறவர் வண்டியில் போகிறவரைவிட இயல்பாகவே அதிகம் நடப்பார். நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும், இறங்கியபின்னும் நடக்க வேண்டும். கர்நாடக அரசு 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய சக்தித் திட்டம் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. தமிழ்நாட்டில் 2021இலேயே நகரப் பேருந்துகளில் அது வந்துவிட்டது. போதிய அசைவில்லாதோரில் பெண்களே அதிகம் என்பதால், அவர்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவரும் எந்தத் திட்டமும் சுகாதாரத் திட்டமாகவும் ஆகிறது. மைசூருக்கு நாள்தோறும் போய்வருபவர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கினால் போக ஒரு தவணை, வர ஒரு தவணை கிடைக்கும்.

நெடுஞ்சாலைப் பயணிக்குக் குண்டலுபேட்டை வேறொரு வகையில் முக்கியம். காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. அடுத்த ஊர் வரும்வரை கால் நீட்ட வழியில்லை. ஆகவே காட்டுக்கு முன் டீக்கடையில் நிற்கும் பத்து நிமிடத்தை நாற்காலியில் கழிக்காமல் நடந்து கழிப்பது ஓட்டுநரின் கெண்டைக்காலுக்கும் கவனத்துக்கும் ஒருசேர உதவும்.

கல்லாவும் மேசையும் மூன்றாவது இடம், மிகக் கடினமானதும் அதுவே. கடைக்காரர் தன் இடத்தைவிட்டு நகர முடியாது. அவருக்கு வழி, உட்காருவதை அடிக்கடி முறிப்பது. அரை மணிக்கொரு முறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நிற்பதும் நடப்பதும், கைபேசியில் பேசும்போது உலாத்துவது, பையனை ஏவாமல் சரக்கைத் தானே எடுத்துக் கொடுப்பது. 2016இல் உல்ஃப் எக்லுண்ட் குழு பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவரின் கூடுதல் ஆபத்தை முற்றிலும் ஈடுசெய்ய 60 முதல் 75 நிமிடம் மிதமான அசைவு வேண்டும் என்று கண்டது. கடை மூடியபின் அந்த ஒரு மணி நேரத்தைத் தேடுவதைவிட, உட்காருவதையே குறைப்பது நடக்கக்கூடியது.

சாப்பாட்டுக்குப் பின்னான வேளை நான்காவது. களியானாலும் சோறானாலும் இரத்தச் சர்க்கரை உணவுக்குப் பின் ஒரு மணி நேரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் பதினைந்து நிமிடம் நடந்தால் உச்சம் தணிகிறது. மூன்று வேளையும் அப்படி நடந்தால் 45 நிமிடம். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடும், மேலும் 15 விழுக்காட்டினர் அதன் வாசலிலும் இருப்பதாக இண்டியாப் ஆய்வு 2023இல் கணக்கிட்டிருக்கும் நிலையில், இதைவிட மலிவான உதவி அரிது.

வீடு ஐந்தாவது இடம். சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவது இடுப்புக்கும் தொடைக்கும் சமநிலைக்கும் ஒரே நேரத்தில் சோதனை. பிரேசிலில் 51 முதல் 80 வயதுவரையிலான 2,002 பேரை இப்படி உட்காரவைத்து எழுப்பிப் பார்த்த குழு, எளிதாக எழ முடிந்தவர்களிடையே பின்னாளில் இறப்பு குறைவாக இருந்ததை 2012இல் பதிவு செய்தது. சோபாவும் சாப்பாட்டு மேசையும் வந்த வீடுகளில் நாளுக்குப் பலமுறை தானாக நடந்துகொண்டிருந்த அந்தப் பயிற்சி நின்றுவிட்டது. முழங்கால் இடம் கொடுக்கிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது தரைக்குக் கொண்டுவரலாம். முடியாதவர்கள் நாற்காலியிலிருந்து கைப்பிடியைப் பற்றாமல் பத்து முறை எழுந்து உட்காரலாம். வீட்டு வேலையை வீட்டிலுள்ளோர் பகிர்ந்துகொள்வதும் இந்த இடத்தில்தான் சேரும். துணி துவைப்பதும் கூட்டித் துடைப்பதும் அதுவரை அசையாதிருந்த ஆணுக்கு மிதமான அசைவு, அதுவரை எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு ஓய்வு.

ஓய்வு என்ற சொல் இந்தப் பேச்சில் அரிதாகவே வருகிறது. செண்டுமல்லி வயலுக்கும் சந்தைச் சுமைக்கும் திரும்பும்போது அதுவே முதற்சொல். வேலையில் செய்யும் அசைவும் விரும்பிச் செய்யும் அசைவும் உடலுக்கு ஒன்றல்ல என்ற கருத்து கடந்த சில ஆண்டுகளில் வலுப்பட்டிருக்கிறது. பீட்டர் கூனன் குழு 2018இல் பதினேழு ஆய்வுகளைத் தொகுத்தபோது, கடும் உடலுழைப்பு வேலை செய்த ஆண்களிடம் முன்கூட்டிய இறப்பு 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. பெண்களிடம் அப்படித் தென்படவில்லை. வறுமை, புகை, வேலையிடச் சூழல் ஆகியவற்றின் பங்கை முழுவதும் பிரித்துவிட முடியாது என்பதால் விவாதம் முடியவில்லை. ஆனால் பொறிமுறை புரியும்படியாகவே இருக்கிறது. விருப்ப நடையில் வேகமும் நேரமும் நடப்பவர் கையில் இருக்கின்றன. களைத்தால் நிறுத்தலாம். சுமை தூக்குபவரின் இதயம் எட்டு மணி நேரம் உயர்ந்த துடிப்பில் இருக்கிறது, இரத்த அழுத்தம் ஏறிய நிலையில் இருக்கிறது, மீட்சிக்கு இடைவெளி இல்லை. முதுகும் முழங்காலும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து தேய்கின்றன. இப்படி உழைப்பவரிடம் மேலும் நடக்கச் சொல்வது கேலியாகிவிடும். அவருக்கு வேண்டியது குறைந்த சுமை, தள்ளுவண்டி, இடுப்பு உயரத்தில் அடுக்கும் மேடை, நிழல், குடிநீர், இடைவேளை, போதிய உறக்கம்.

அசைவால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். எடை குறைப்பதற்கு அது தனியாகப் போதாது. தான்சானியாவின் ஹட்சா வேட்டைக் குடியினர் நாளெல்லாம் நடப்பவர்கள். ஹெர்மன் போன்ட்ஸர் குழு 2012இல் அளந்தபோது, உடலளவைக் கணக்கில் கொண்டால் அவர்கள் செலவிடும் மொத்த ஆற்றல் மேலைநாட்டவருடையதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. உடல் வேறு செலவுகளைக் குறைத்து ஈடுகட்டிக்கொள்கிறது. எடைக்கு உணவே முதன்மை. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், எலும்பு, உறக்கம், மனநிலை ஆகியவற்றுக்கு எடை குறையாவிட்டாலும் நடையின் பயன் உண்டு. சில எச்சரிக்கைகளும் தேவை. நடக்கையில் நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை தாழ்வதைக் கவனிக்க வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

தனியாள் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லையை ஊர் சேர்ந்து நகர்த்தலாம் என்பதையும் காட்ட நம் பக்கத்திலேயே சான்றுகள் இருக்கின்றன. சென்னையில் ஆ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம், நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டது. 2006இல் வெளியான முடிவில், வழக்கமான அறிவுரை பெற்ற குழுவில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் 39.3 விழுக்காட்டினருக்கு. அந்தத் திட்டம் எல்லோரையும் ஒரே நடைக்கு அனுப்பவில்லை. ஏற்கெனவே உடலுழைப்பு வேலையில் இருந்தவர்களையும், அரை மணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போய்வந்தவர்களையும் அதையே தொடரச் சொன்னது. மற்றவர்களுக்கு மட்டும் நாளுக்கு அரை மணி எட்டி நடக்கும்படி அறிவுறுத்தல். இதுவே பங்கீட்டின் சரியான வடிவம்.

சென்னை அண்ணா நகர்ப் பக்கமுள்ள ஏஷியாட் காலனியில் நடந்தது இன்னும் நேரடியானது. 1990களின் பிற்பகுதியில் வி. மோகன் குழுவின் ஆய்வு அங்கே நீரிழிவின் அளவை எடுத்துச் சொன்னபின், குடியிருப்பவர்களே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். முன்பு 14.2 விழுக்காட்டினரே வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த அந்தக் குடியிருப்பில், சில ஆண்டுகளில் அது 58.7 விழுக்காடானது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது எழுத்தறிவுக்காகவும் விடுதலைக்காகவும். உடல்நலம் அதன் கேளாத பயன். கர்நாடகத்தில் 2006–07இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய இலவசச் சைக்கிளும், தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் தரப்படுவதும் அப்படியே. தமிழ்நாட்டு அரசு 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளை அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் அது பெரும்பாலும் ஓய்வு நேர அசைவு என்ற நான்காவது இனத்துக்கே உதவும். வீட்டிலிருந்து பள்ளிக்கும் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் போகும் வழியே நடக்கத்தக்கதாகும்போதுதான் போய்வருதல் என்ற மூன்றாவது இனம் மீளும்.

குண்டலுபேட்டை போன்ற நெடுஞ்சாலை ஊரில் அந்த வழியின் முதல் தடை நெடுஞ்சாலையே. இரவு மூடிய காட்டுச் சாலை காலை ஆறு மணிக்குத் திறக்கும்போது காத்திருந்த லாரிகளும் கார்களும் ஒன்றாகப் புறப்படுகின்றன. பிள்ளைகளும் முதியவர்களும் நடக்க வேண்டிய வேளை தொடங்குவதும் அதையொட்டித்தான். ஊர்ப்பகுதியில் தொடர்ச்சியான நடைபாதை, கடைகள் ஏறி மறிக்காதபடி அதன் காவல், பள்ளிக்கும் பேருந்து நிலையத்துக்கும் எதிரே வேகத்தடையோடு கூடிய கடவை, மாலையில் தெருவிளக்கு, பெண்கள் தயங்காமல் போகத்தக்க கழிப்பறை, பள்ளி மைதானத்தை மாலையில் ஊருக்குத் திறந்துவிடுவது ஆகிய எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதல்ல. இதே பட்டியலில் சந்தையின் சுமை மேடையும் தள்ளுவண்டியும் பூ வயலோரத்து நிழற்கூரையும் இடம்பெற வேண்டும். முதற்பகுதி உட்கார்ந்திருப்பவரை எழுப்புவதற்கு, இரண்டாம் பகுதி நின்றே களைத்தவரை உட்காரவைப்பதற்கு. இரண்டுக்கும் ஒரே வரவுசெலவில் பணம் ஒதுக்கும் நகராட்சியே அசைவைப் பங்கிடத் தொடங்கிய நகராட்சி.